டெரெசின் படங்களுக்குப் பின்னால் ஓர் ஆசிரியை இருந்தார்

மேலே ஒருவர், "நாஜிகளின் டெரெசின் முகாமில் குழந்தைகள் யாரும் சொல்லித்தராமல் வரைந்த படங்கள், கூடவே பத்து வயதுப் பையன் எழுதிய பட்டாம்பூச்சிக் கவிதை" என்று போட்டிருக்கிறார். படங்கள் நிஜம்தான். மற்ற இரண்டும் தப்பு.

அந்தக் கவிதையை எழுதிய பாவெல் ஃப்ரீட்மனுக்கு அப்போது வயது 21. கவிதையில் உள்ள தேதி 1942 ஜூன் 4.

படங்களைப் பொறுத்தவரை, சொல்லித்தர ஆள் இருந்தார், அதுவும் சாதாரண ஆள் இல்லை. ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், வியன்னாவில் பிறந்து பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர். 1942 டிசம்பரில் அவரையும் டெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அலுவலகப் படிவங்களின் பின்பக்கம், கிழிந்த தாள் என எது கிடைத்தாலும் அதில் பிள்ளைகளை வரையவும் வெட்டி ஒட்டவும் வைத்தார். ஒவ்வொரு படத்திலும் பெயரைப் போடச் சொன்னது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது. முகாமில் அந்தப் பிள்ளைகள் வெறும் எண்கள். இன்று ஒரு பூச்சாடிப் படத்தைப் பார்த்து இது இன்னாருடையது என்று சொல்ல முடிவது அந்தக் கையெழுத்தால்தான்.

1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் என்ற நாஜி கொலைமுகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். போவதற்கு முன் சுமார் 4,500 படங்களை இரண்டு சூட்கேஸ்களில் ஒளித்து வைத்துவிட்டுத்தான் போனார். போர் முடிந்தபின் அவை செக் தலைநகர் பிராகா போய்ச் சேர்ந்தன, இப்போது அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பதிவைத் திருத்தும்போது அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.