ஒண்ணுதான் தம்பி, பேருதான் வேற!

போன மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். மறுநாள், தேங்காய்ப்பால் குழம்பான சொதி ஊற்றும் பந்தியில் பக்கத்து இலைக்காரர், நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "புத்தர், மகாவீரர், ரமணர், வள்ளலார் எல்லாரும் அடைஞ்ச ஞானம் ஒண்ணுதான் தம்பி. பேருதான் வேற." இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டேன். சொதி ஆறுகிற நேரத்தில் தத்துவச் சண்டை போடுகிறவன் மடையன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு கேட்கவில்லை.

ஒன்று இல்லை அண்ணாச்சி.

மகாவீரர் அடைந்ததைச் சமணர்கள் கேவல ஞானம் என்பார்கள். முக்காலத்திலும் உள்ள எல்லாப் பொருளையும் ஒருசேர அறியும் அறிவு. அதே காலத்தில் அதே கங்கைச் சமவெளியில் நடந்து திரிந்தவர் புத்தர். "நடந்தாலும் நின்றாலும் தூங்கினாலும் உங்களுக்கு எல்லாம் தெரிந்துகொண்டே இருக்குமாமே?" என்று வச்சகோத்தர் என்ற துறவி அவரிடம் கேட்கிறார். அப்படிச் சொல்கிறவர்கள் என்மேல் இல்லாததைச் சொல்கிறார்கள் என்று மறுத்துவிடுகிறார் புத்தர். மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த நூலில் இருக்கிறது. நிர்வாணம் என்ற சொல்லுக்கே அணைந்துபோதல் என்றுதான் பொருள். அணைவது ஆசையும் வெறுப்பும் மயக்கமும். நாமோ அதற்கு 'ஞான ஒளி' என்று பேர் வைத்து, அவர் அணைத்ததை மறுபடி ஏற்றிவிட்டோம்.

சரி, அண்ணாச்சியின் சொந்தச் சைவத்துக்கே வருவோம். அத்வைதி 'நானே பிரம்மம்' என்று முடிக்கிற இடத்தில்தான் சைவ சித்தாந்தி வழக்கையே தொடங்குவார். முக்தியில் உயிர் சிவத்தோடு பிரிவறக் கலக்கும்; ஆனால் சிவமாகவே ஆகிவிடாது. உயிரை மறைக்கிற அழுக்கான ஆணவமலம்கூட அழிவதில்லை, வலுவிழந்து அடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். இந்தக் கலப்பைச் சொல்ல சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் திருவருட்பயன் என்ற நூலில் இலக்கணத்திலிருந்து ஓர் உவமை எடுக்கிறார்: தாடலை. தாள் (பாதம்), தலை இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிட்டது. பிரித்தால் பொருள் இன்னும் இரண்டு. அடியவன் தலை ஆண்டவன் தாளில் சேர்வதும் அதற்குள்ளேயே இருக்கிறது. பள்ளியில் புணர்ச்சி விதி படித்தபோது இதை ஒருவர் சொல்லியிருந்தால் நான் அந்தப் பரீட்சையில் தேறியிருப்பேன்.

இன்னொரு சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாச்சாரியார், தம் சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பகுதியையே ஒதுக்கி, பௌத்தர், சமணர், மாயாவாதி (உலகம் மாயை என்கிற அத்வைதி) என்று ஒவ்வொருவராக எடுத்து மறுக்கிறார். எல்லாம் ஒன்றுதான் என்றால் அத்தனை பாட்டு எதற்கு? எதிராளி என்ன சொல்கிறான் என்று முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார். சண்டைதான், ஆனாலும் மரியாதை அதில்தான் அதிகம் என்பேன். 'ஒண்ணுதான்' என்பது பெருந்தன்மை மாதிரித் தெரியும்; யார் சொன்னதையும் காது கொடுத்துக் கேட்காமலிருக்க அது நல்ல சாக்கு.

வள்ளலார் கதை இன்னும் வேறு. அவர் கேட்டது மரணமிலாப் பெருவாழ்வு. இந்த உடம்பே ஒளியுடம்பாக வேண்டும். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். ரமணருக்கு 1896-இல் மதுரையில், 16 வயதில், வந்தது சாவு பயம். உடம்பு சாகட்டும், சாகாமல் மிஞ்சுவது எது என்று பார்த்தார். 1950-இல் புற்றுநோயில் அந்த உடம்பு போனது. அதனால் அவர் ஞானம் குறைபட்டதாக அன்பர்கள் யாரும் சொல்வதில்லை. வள்ளலாரின் கணக்கிலோ உடம்பு செத்தால் காரியமே கெட்டது.

அடுத்த கல்யாணத்தில் அண்ணாச்சி பக்கத்திலேயே இலை போடச் சொல்லப் போகிறேன். இந்தத் தடவை சொதி ஆறினாலும் பரவாயில்லை.