டிராயிங் பீரியடும் தண்ணீரில்லாத ஆறும்

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் டிராயிங். ஜூன் மாதத்திலிருந்து அது எத்தனை தடவை நடந்தது என்று போன வாரம் கேட்டேன். எண்ணிப் பார்த்தாள், ஒரு கை விரல்களிலேயே ஒன்று மிச்சம். மற்ற வெள்ளிக்கிழமைகளில் கணக்கு மிஸ் வந்துவிடுவாராம். “போர்ஷன் முடியலப்பா, அவங்க மட்டும் என்ன பண்ணுவாங்க” என்று மிஸ்ஸுக்காக இவளே பரிந்து பேசினாள்.

சரி, நடந்த நாலு வகுப்பில் என்னதான் வரைந்தாய் என்று நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே நீலமாய் ஓர் ஆறு, அதில் படகு, கரையில் ஓட்டு வீடு, சாய்ந்த தென்னை. என் நோட்டிலும் இதுதான் இருந்தது. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் நோட்டிலும் இருந்திருக்கும்.

நாங்கள் இருப்பது காட்பாடியில். மொட்டைமாடிக்குப் போனால் மலை தெரியும். யாரோ லாரி லாரியாகப் பாறையைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும், முக்கோணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாரத்தில் இரண்டு தடவையாவது பாலாற்றுப் பாலத்தைத் தாண்டுகிறோம். கீழே மணலும் சீமைக் கருவேலமும்தான். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது அதை வேடிக்கை பார்க்கவே ஜனம் கூடியது. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். (1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்ப வந்துவிட்டதால் கடைசி ஒன்று மட்டும் இப்போது செல்லாது.) கிண்டல் செய்த ஆள்கூட ஊரைக் கண் திறந்து பார்த்திருக்கிறான். ஏழு வருஷம் பள்ளிக்கூடம் போன என் பிள்ளை, தினமும் பார்க்கும் மலையை ஒரு தடவைகூட வரைந்ததில்லை. யாரும் வரையச் சொல்லவும் இல்லை.

நான் படித்த காலத்தில் எங்கள் டிராயிங் மாஸ்டர் ஒருநாள் எங்களைக் கோட்டைக்கு நடத்திக் கூட்டிப்போனார். கல்யாண மண்டபத்தில் ஆளுக்கொரு தூண் முன்னால் உட்காரவைத்து, “பென்சிலை எடுத்தா அடி விழும், முதல்ல பாரு” என்றார். எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்று நினைவில்லை, கால் மரத்துப்போனது நினைவிருக்கிறது. எனக்கு யாளித் தூண். முதலில் சும்மா ஒரு மிருகம் என்று நினைத்தேன். அப்புறம் பல் தெரிந்தது, பிடரி மயிரின் சுருள் தெரிந்தது. நான் வரைந்தது என்னவோ ஆட்டுக்குட்டி மாதிரிதான் வந்தது. அவர் சிரிக்கவில்லை. “காது எங்கடா?” என்று மட்டும் கேட்டார். திரும்பிப் பார்த்தேன், காது இருந்தது. அவ்வளவு நேரம் பார்த்தும் என் கண்ணில் படவில்லை.

இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் செக்ஷனில் இருக்கிறேன். கால் வடிவ அச்சை நாங்கள் லாஸ்ட் என்போம். அதன்மேல் டேப் சுற்றி ஒட்டி, ஷூ எப்படி வரவேண்டுமோ அப்படிப் பென்சிலால் கோடு போட்டு, டேப்பை உரித்துத் தட்டையாக்கினால்தான் பேட்டர்ன், அதாவது தோலை வெட்டுவதற்கான மாதிரி வடிவம், பிறக்கும். வளைவாக இருப்பதைத் தட்டையாகவும், தட்டையாக இருப்பதை வளைவாகவும் மனசுக்குள்ளேயே திருப்பிப் பார்க்கத் தெரியவேண்டும். புதிதாகச் சேரும் பையன்கள் கம்ப்யூட்டரில் என்னைவிட வேகம். லாஸ்ட்டைக் கையில் கொடுத்துக் கோடு போடச் சொன்னால் திணறுகிறார்கள். தப்பாக வந்துவிடுமோ என்ற பயம் வேறு. அழித்து அழித்து வரைந்து பழகிய கைக்கு அந்தப் பயம் இருக்காது.

“டிராயிங் வரைஞ்சு என்னா மாமா கிழிக்கப் போறா?” என்று கேட்ட மச்சானிடம் இதைத்தான் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. வேலைக்கு உதவும், மார்க் வரும் என்று சொன்னால்தான் ஒரு குழந்தை படம் வரையலாமா? பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று நான் பட்டியல் போட்டால், அவன் உடனே “அப்போ டியூஷன்ல சேத்துடு” என்பான். காரியம் கெட்டது.

இதில் வேடிக்கை, பீரியடைப் பிடுங்கிக்கொள்வது கணக்குதான். என் அம்மா பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று வைத்து, கையை எடுக்காமல் சிக்குக் கோலத்தை ஒரே இழையில் முடித்துவிடுவார். 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இருந்தவர்களும் இந்தக் கோலங்களை வைத்துத்தான் கணினி அறிவியல் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். வாசலில் இருப்பது பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் நுழையமாட்டேன் என்கிறது.

வாசல் என்ன, ஊரே பாடம் நடத்துகிறது. ஆரணி, செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது போய்ப் பாருங்கள். பதினெட்டாம் நாள் படுகளத்துக்கு மண்ணைக் குழைத்துத் துரியோதனனைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். பிள்ளைகள் காலையிலிருந்து அங்கேயே கிடப்பார்கள். மண் குவியல் தொடையாவதை, முகமாவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். என் அத்தை பையன் நாலு வரிச் செய்யுளை மனப்பாடம் பண்ணத் தெரியாமல் வெயிலில் முட்டிபோட்டவன். கூத்து வாத்தியாரிடம் போனான், விடிய விடியப் பாடுகிறான். மக்கு என்று சொன்ன வகுப்பறைக்கு அவனிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே, 6 முதல் 8 வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 16,549 பேரை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள், இன்னும் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். சம்பளமே ஒரு பாடத்தின் மரியாதையைச் சொல்லிவிடுகிறது.

2022-23இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல காரியம், வாயாரப் பாராட்டுவேன். ஆனால் போட்டி என்பது ஏற்கெனவே வரையத் தெரிந்த பிள்ளையை மேடையேற்றும். எனக்குக் கவலை ஆட்டுக்குட்டி வரைகிற பிள்ளையைப் பற்றி. அதற்கு மேடை வேண்டாம், வாரத்தில் ஒரு பீரியட் போதும்.

போன ஞாயிறு சாயங்காலம் மகளை நோட்டோடு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “இதுக்கு என்னா கலர்ப்பா?” என்றாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டு கிரேயானையும் ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தாள். இருட்டும்வரை மலை முடியவில்லை.

வரும் சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போது வெள்ளிக்கிழமைப் பீரியடைப் பற்றிக் கேட்கப்போகிறேன். தனியாகக் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்த வகுப்புப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், பத்து மணிக்குக் கேட் பக்கம் நிற்பேன்.