தண்ணீர் கலந்த பாலும் எரிந்த டாங்கியும்

போன வாரம் எங்கள் கோயில் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலிருந்து என்னை ஏறக்குறைய வெளியேற்றிவிட்டார்கள். திருவிழாக் கணக்குச் சண்டை என்று நினைக்கவேண்டாம். உக்ரைன் போரைப் பற்றி "ஒரே நாளில் இத்தனை டாங்கி காலி" என்று ஒரு தம்பி போட்ட செய்திக்குக் கீழே "படம் எங்கே?" என்று இரண்டே சொல் எழுதினேன். அரை மணி நேரத்தில் நான் ரஷ்யாவின் கையாள் ஆகிவிட்டேன். மூன்று மாதத்துக்கு முன் இன்னொருவர் ரஷ்யத் தரப்புக் காணொளி ஒன்றைப் போட்டபோதும் இதையேதான் கேட்டேன். அன்றைக்கு நான் அமெரிக்காவின் கையாள். மலேசியாவில் சிலிம் ரிவரில் உட்கார்ந்திருக்கும் ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக்குக்கு இரண்டு வல்லரசுகளும் சம்பளம் அனுப்பினால், என் பழைய கார் மேடு ஏறும்போது இப்படி அழாது.

குழுவில் எழுத விடவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டு வாருங்கள்.

என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் கொட்டகையில் இருந்தார். ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் மரம் வெட்டுகிறவர்கள் தோளில் காண்டாக் கம்பில் வாளி தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். வாளி தளும்பத் தளும்ப வந்தாலும் அந்த அளவை வைத்துக் கூலி போடமாட்டார்கள். மெட்ரோலாக் என்ற அளவுகோலைப் பாலில் மிதக்கவிட்டு, இதில் காய்ந்தால் எவ்வளவு ரப்பர் தேறும் என்று பார்த்துத்தான் கணக்கு எழுதுவார்கள். மழை பிடித்த காலையில் பால் தானாகவே நீர்த்துவிடும். சில நாள் வெயில் காலத்திலும் நீர்த்திருக்கும். வாய்க்கால் பக்கத்திலேயே இருந்ததே! அப்பா யாரையும் திருடர் என்று சொன்னதில்லை. "வாளியைக் காட்டாதே, காய்ந்ததைக் காட்டு" என்பார். அவ்வளவுதான் அவருடைய விசாரணை.

நான் இந்தப் போரை 2022 பிப்ரவரி 24 முதல் பின்தொடர்கிறேன். எதற்கு என்று வீட்டில் கேட்டபோது செம்பனை விலையைக் காரணம் காட்டினேன். அது பொய்யும் இல்லை. உக்ரைனின் சூரியகாந்தி எண்ணெய் நின்றதும் அந்த மார்ச்சில் கச்சா செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டியது. இரண்டு ஏக்கர் வைத்திருந்தவர்கள் முகத்தில் வந்த சிரிப்பை அடுத்த மாதமே உர விலை துடைத்துவிட்டது. ஆனால் என்னை உண்மையில் இழுத்தது ஒரு டயர். உக்ரைனில் சேற்றில் விட்டுப் போன ரஷ்யாவின் பான்ட்சிர் வான்காப்பு வாகனத்தின் படம் அது. டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்து கிடந்தது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வெயிலில் நிறுத்தி, நகர்த்தாமல் வைத்த வண்டியின் டயர் இப்படித்தான் போகும் என்று ஒருவர் எழுதியது உலகம் முழுவதும் பரவியது. முப்பது வருடம் தோட்டப் பட்டறையில் டிராக்டருக்கும் லாரிக்கும் கீழே படுத்துக் கிடந்தவனுக்கு அதைப் படித்ததும் ஒரு மகிழ்ச்சி. மகிழ்ச்சி என்ற சொல் தவறு, தெரியும். ஆட்கள் செத்த இடம் அது. ஆனாலும் உண்மை அதுதான், எழுதிவிட்டேன்.

அப்புறம்தான் போரில் இழந்த வண்டிகளை எண்ணும் ஓரிக்ஸ் குழுவினரின் பட்டியலுக்கு வந்தேன். நெதர்லாந்துக்காரர்கள் இருவர் தொடங்கியது. அதன் விதி ஒன்றே: படமோ காணொளியோ இல்லாத எதையும் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு வண்டியையும் அழிந்தது, சேதமடைந்தது, கைவிடப்பட்டது, எதிரியிடம் பிடிபட்டது என்று பிரித்து வைப்பார்கள். எங்கள் குழுவில் இந்த நான்கையும் ஒரே வாளியில் ஊற்றி "காலி" என்று எழுதிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் பதினேழாம் நம்பர் காட்டில் புதைந்து நின்ற செம்பனைக் குலை லாரியை டிரைவர் விட்டுவிட்டு வந்தால் அந்த லாரி செத்துவிட்டதா? அடுத்த நாள் டிராக்டர் கட்டி இழுத்து, ஆயில் மாற்றி நானே ஓட்டியிருக்கிறேன். 2022 செப்டம்பரில் ஹார்கிவ் பகுதியில், இசியூம் ஊரைவிட்டு ரஷ்யப் படை ஓடியபோது விட்டுப் போன டாங்கிகளில் பல, உக்ரைன் படைக்கே திரும்ப வேலை செய்தன. ஒரு பக்கம் கழித்தால் மட்டும் போதாது, இன்னொரு பக்கம் கூட்டவும் வேண்டும்.

படம் கிடைத்ததை மட்டும் எண்ணினால் கணக்குக் குறையாதா? குறையும். எரிந்த எல்லா வண்டியையும் யாரும் படம் எடுப்பதில்லை. ஆகவே அந்த எண், இதற்குக் கீழே போகாது என்ற எல்லை மட்டுமே. உண்மை அதற்கு மேலே எங்கோ இருக்கிறது. 2025இல் உக்ரைன் இராணுவத் தலைமை சொன்ன ரஷ்ய டாங்கி இழப்பு 10,000த்தைத் தாண்டிவிட்டது. படத்தோடு உறுதியானது 4,000 அளவில் நின்றது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல என்னிடம் மெட்ரோலாக் இல்லை. ஆனால் 10,000 என்று எழுதுகிறவர் அது ஒரு தரப்பு சொன்ன கணக்கு என்பதையும் சேர்த்து எழுதினால் அவர் கை ஒடிந்துவிடாது.

தண்ணீர் கலப்பது ஒரு தரப்பின் பழக்கம் மட்டும் இல்லை. போரின் முதல் நாட்களில் "கீவின் ஆவி" என்று ஒரு விமானி தனியாளாக எதிரி விமானங்களை வீழ்த்துவதாக ஒரு கதை ஓடியது. கூடவே ஓடிய காணொளி கணினி விளையாட்டிலிருந்து எடுத்தது. ஏப்ரல் கடைசியில் உக்ரைன் விமானப் படையே அது மக்கள் உருவாக்கிய வீரக்கதை என்று ஒப்புக்கொண்டது. இந்தப் பக்கம், 2023 ஜூனில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சு ஹெலிகாப்டரிலிருந்து ஜெர்மனியின் லெப்பர்ட் டாங்கியை அடித்ததாகக் காணொளி வெளியிட்டது. அடிபட்டது வயலில் நின்ற விவசாய இயந்திரம் என்று ரஷ்யப் போர்ப் பதிவர்களே சொன்னார்கள். அன்று பட்டறைப் பழைய கூட்டாளிகளுக்கு அதை அனுப்பிச் சிரித்தோம். டிராக்டருக்கு இந்த ஜென்மத்தில் இவ்வளவு மரியாதையா என்றார் ஒருவர்.

சில நாட்களிலேயே, ஜூன் 8ஆம் தேதி, மாலா தோக்மாச்கா என்ற ஊருக்குத் தெற்கே கண்ணிவெடி வயலில் சிக்கிய உண்மையான லெப்பர்ட்களும் அமெரிக்காவின் பிராட்லிக் கவச வண்டிகளும் படத்தில் வந்தன. அந்த ஒரே குவியலை மேலிருந்து, பக்கத்திலிருந்து, காலையில், மாலையில் என்று எத்தனை கோணம்! ஒவ்வொரு கோணமும் எங்கள் குழுவில் ஒரு புதிய வெற்றியாக வந்து இறங்கியது. ஒரே மாட்டை நான்கு தடவை சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனது போல.

2025 ஜூன் 1ஆம் தேதி உக்ரைன் லாரிகளில் ட்ரோன்களை மறைத்துக் கொண்டுபோய் ரஷ்யாவின் உள்ளே வெகுதூரத்தில் இருந்த விமானத் தளங்களைத் தாக்கியது. திறமையான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உக்ரைன் சொன்ன எண் 41 விமானம். அடுத்தடுத்த நாட்களில் துணைக்கோளப் படங்களில் எரிந்து கிடந்தவை அதைவிட வெகு குறைவு. ஒரு டஜன் குண்டுவீச்சு விமானம் போனாலே அது பெரிய அடி, ஏனென்றால் அந்த ரகத்தை இப்போது யாரும் புதிதாகச் செய்வதில்லை. பிறகு எதற்கு 41ஐக் கட்டிப் பிடித்துக்கொண்டு சண்டை போடவேண்டும்? அதற்கு முந்திய மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோது இது இன்னும் மோசம். சொந்த ஊர்ப் பாசமும் சேர்ந்துகொண்டதால் யாரிடமும் படம் கேட்க முடியவில்லை. மே 31ஆம் தேதி இந்திய முப்படைத் தலைமைத் தளபதியே சிங்கப்பூரில் இருந்துகொண்டு, விமான இழப்பு உண்டு, எண்ணிக்கை முக்கியமில்லை என்று சொன்னபோது, முந்திய நாள்வரை இழப்பே இல்லை என்று சத்தியம் செய்தவர்கள் பசியாறப் போய்விட்டார்கள்.

படத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று அந்தத் தம்பியின் நண்பர் ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது பெரிய வித்தை இல்லை. உக்ரைனின் தெற்கும் கிழக்கும் பரந்த வயல்கள். வயலுக்கு வயல் காற்றுத் தடுப்புக்காக நட்ட மர வரிசைகள். ஒரு வரிசையைப் பிடிக்க மாதக்கணக்கில் சண்டை நடக்கிறது. பார்வைக்கு எல்லா வரிசையும் ஒன்றுபோலத்தான். ரப்பர்க் காடும் வெளியாளுக்கு அப்படித்தான் தெரியும். நமக்கு எந்த நிரையில் மரம் சாய்ந்தது, எங்கே வாய்க்கால் திரும்புகிறது என்று தெரியும். படத்தில் மரங்களின் இடைவெளி, மின்கம்பம், பாதை வளைவு ஆகியவற்றைத் துணைக்கோளப் படத்தோடு ஒட்டிப் பார்க்கவேண்டும். நிழல் நேரத்தைச் சொல்லும். பொறுமை இருந்தால் போதும்.

எங்கள் சிலிம் ரிவர்க்காரர்களுக்கு வரைபடத்தின் அருமையைச் சொல்லித்தரவும் வேண்டியதில்லை. 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் டிரோலாக் பக்கமிருந்து நம் பெரிய சாலையில் நுழைந்தன. பிரிட்டிஷ் தரப்பிடம் மலாயாவில் அன்று ஒரு டாங்கியும் இல்லை. சாலையில் தடை போட்டிருந்தார்கள். ஆனால் சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் ரப்பருக்குள் அப்படியே கிடந்தன. அவற்றை யாரும் அடைக்கவில்லை. ஜப்பானியர் அந்த வளைவுகளில் இறங்கிச் சுற்றி வந்து பின்னால் ஏறினார்கள். காலை முடிவதற்குள் 11ஆம் இந்தியப் பிரிவு சிதறிவிட்டது. சிலிம் ஆற்றுப் பாலமும் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. நான்கே நாளில் கோலாலம்பூர் விழுந்தது. அன்றைக்கு இழப்புப் பட்டியல் போட்டிருந்தால் எத்தனை துப்பாக்கி, எத்தனை லாரி என்று வந்திருக்கும். அடைக்காமல் விட்ட சாலை வளைவு எந்தப் பட்டியலிலும் வராது.

"இதெல்லாம் பொழுதுபோகாத கிழவர்கள் வேலை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு ஒரே ஒரு பதில். 2014 ஜூலை 17ஆம் தேதி மலேசிய விமானம் எம்எச்17இல் 298 பேர் போனார்கள், 43 பேர் மலேசியர்கள். அதை வீழ்த்திய பூக் ஏவுகணை வண்டியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? டொனெட்ஸ்க் பக்கத்துச் சாதாரண மக்கள் கைப்பேசியில் எடுத்த படங்கள்தான் பெரிய துணை. வெள்ளை வால்வோ லாரி, பின்னால் சிவப்பு இழுவை, அதன்மேல் பூக். அதே வண்டி சில வாரங்களுக்கு முன் ரஷ்யாவின் கூர்ஸ்க் நகரத்து 53ஆம் படைப்பிரிவின் வாகன வரிசையில் போனதை, இணையத்தில் கிடைக்கும் படங்களை ஆராயும் பெல்லிங்கேட் குழுவினர் ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஒப்பிட உதவிய அடையாளங்களில் ஒன்று, சங்கிலிச் சக்கரத்துக்கு மேலே தொங்கும் ரப்பர் மறைப்பின் கிழிசல். ஒவ்வொரு வண்டியிலும் அது வேறு வேறு மாதிரி கிழியும், கைரேகை போல. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. கிழிந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பது வெட்டி வேலை என்று ரப்பரால் வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு சொல்லாதீர்கள்.

எண்ணிக்கைப் பைத்தியத்தால் வரும் கெடுதலும் எனக்குத் தெரியும். இப்போது டாங்கி இழப்புப் படங்கள் முன்போல வருவதில்லை. சண்டை தணிந்துவிட்டதாகச் சிலர் எழுதுகிறார்கள். சில நூறு டாலர் ட்ரோன் கோடிக்கணக்கான வெள்ளி டாங்கியைத் துரத்துவதால் டாங்கியைப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள். ஆட்கள் மோட்டார் சைக்கிளிலும் நடந்தும் முன்னேறுகிறார்கள். இரும்பு குறைந்த இடத்தில் உடம்பு நிற்கிறது. இரும்பை மட்டும் எண்ணுகிறவருக்கு அது அமைதியாகத் தெரிகிறது.

உடம்பை எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். மீடியாசோனா என்ற ரஷ்யச் செய்தித் தளமும் பிபிசியின் ரஷ்யச் சேவையும் இரங்கல் செய்திகளிலிருந்தும் கல்லறைகளிலிருந்தும் இறந்த ரஷ்ய வீரர்களைப் பெயர் பெயராகச் சேர்க்கின்றன. 2025இலேயே அது 1,00,000 பெயரைத் தாண்டிவிட்டது. எதிரி நாடு என்று சொல்லப்படும் பக்கத்து ஆளுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஒரு வரி இருக்கிறது.

என் தாத்தாவின் அண்ணனுக்கு அந்த ஒரு வரி இல்லை. சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவில் ரயில் பாதை போட என்று ஜப்பானியர் தோட்டத்திலிருந்து ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இணைந்தது. காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளுக்குக் கல்லறை இருக்கிறது, புல் வெட்டிப் பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் பெயர், வயது, படைப்பிரிவு. நம் ஆட்கள் செத்தது எத்தனை என்று கேட்டால் ஒரு புத்தகத்துக்கும் இன்னொரு புத்தகத்துக்கும் பல்லாயிரம் வித்தியாசம். பெரட்டில் (வேலைக்கு முன் நிற்கும் வரிசையில்) பெயர் கூப்பிட்டார்கள், அடுத்த மாதம் கூப்பிடவில்லை. வீட்டில் சொல்லக் கேட்டது இவ்வளவுதான். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் நிழலில் உட்கார்ந்து நான் அழவில்லை, கோபம்தான் வந்தது. எண்ணத் தெரியாதவர்களா அவர்கள்? தண்டவாளத்துக்கும் பாலத்துக்கும் கணக்கு இருந்ததே.

ஆகவே, தம்பி, நான் படம் கேட்டது உன்னை அவமானப்படுத்த இல்லை.

இதை எழுதிக்கொண்டிருந்தபோதே அவனிடமிருந்து தனிச் செய்தி வந்தது. மர வரிசை ஓரம் பீரங்கிக் கோபுரம் கழன்று கிடக்கும் ஒரு டாங்கிப் படம். "மாமா, இது புதியதா, போன வாரம் வந்ததேதானா?" என்று கேட்டிருந்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம் பாதியில் முறிந்த மரம், அதன் கீழே ஒரு சக்கரம். போன வாரப் படத்தில் அதே மரம் வலது பக்கம் இருந்தது, எதிர்ப்புறத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். அதே டாங்கிதான் என்று பதில் போட்டேன். குழுவில் போட்டதை அழித்துவிட்டான்.