பட்டனைத் தட்டுறதுக்கு இத்தனை வாடகையா?

அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தில் அநேகமாக யாரும் இருக்க மாட்டீர்கள். "அண்ணா, இது நீங்கதானே?" என்று சிரிப்புப் பொம்மை போட்டு எனக்கே அனுப்பி வைத்தவர்களும் உண்டு. ஆமாங்க, நானேதான். கும்மி அரங்கேற்றத்தில் ஸ்பீக்கர் கொய்ங்ங் என்று கத்த, மேடைப் பக்கமிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விழுந்தடித்து ஓடி வருகிற மைக் செட்டுக்காரன் நான்தான். ஓடி வந்தது அசிங்கமாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லிச் சிரித்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன். வீடியோவுக்கு மேலே எழுதியிருக்கிறதே, "சும்மா உக்காந்து பட்டனைத் தட்டுறதுக்கு இத்தனை வாடகையா?" என்று, அதற்குத்தான் இந்தப் பதிவு.

வீடியோ அரை நிமிடம் ஓடுகிறது. அதற்கு முன்னால் நடந்தது அதில் இல்லை. கும்மி ஆசிரியரின் ஹெட்செட் மைக்கில் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவில் மாற்றிவிடலாம் என்று நான் எழுந்து போனேன். என்னிடம் உதவிக்கு இருக்கிற பையனைச் சாப்பிட அனுப்பியிருந்தேன். அந்த இடைவெளியில் கோயில் கமிட்டியில் ஒருவருடைய மாப்பிள்ளை, மைக்குகளின் சத்தத்தையெல்லாம் சேர்த்துக் கலக்குகிற மிக்சர் பக்கம் வந்து, "பேஸ் பத்தல" என்று, அலைவரிசைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்குகிற ஈக்வலைசரில் நம்பரைத் திருகி, சேமித்த செட்டிங்கைக் கூப்பிடுகிற ரீகால் பட்டனை அழுத்தியிருக்கிறார். எந்தப் பட்டனைத் தட்டுவதற்கு வாடகையா என்று கேட்கிறார்களோ, அந்தப் பட்டனைத் தட்டியது அவர். காசு வாங்காமல் தட்டினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மைதானத்துக்கென்று நான் சேமித்து வைத்திருந்த செட்டிங், அதாவது மெமரி, போய், ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சேமித்தது வந்து உட்கார்ந்துகொண்டது. மைதானத்தில் ஆசிரியர் மைக்கை மாட்டிக்கொண்டு பாடியபடியே ஸ்பீக்கருக்கு முன்னால் நடக்கிறார். ஸ்பீக்கரில் வருவதை மைக் மறுபடி கேட்கும், கேட்டதை மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும். இந்தச் சுற்றில் எந்த அலைவரிசை அடங்காமல் ஏறுகிறதோ அதுதான் கத்துகிறது. அன்றைக்கு அது 2.5 கிலோஹெர்ட்சில் இருந்தது. அதை 6 டெசிபல் குறைத்து வைத்திருந்தேன். மண்டபத்து மெமரியில் அந்த இடம் பூஜ்யத்தில் நிற்கும். 6 டெசிபல் என்றால் ஏதோ ஆறு பைசா மாதிரி தெரியும். அந்த அலைவரிசையில் ஆம்ப்ளிஃபயர் தள்ளுகிற சக்தி நாலு மடங்கு ஏறுகிறது என்று அர்த்தம். கத்தாமல் என்ன செய்யும்?

அந்த ஈக்வலைசர் பெட்டியில் இடம், வலம் என்று ஒரு பக்கத்துக்கு 31 அலைவரிசைப் பட்டை. 20 ஹெர்ட்சில் தொடங்கி 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், ஒரு ஆக்டேவுக்கு, அதாவது அலைவரிசை இரட்டிப்பாகிற தூரத்துக்கு, மூன்று என்ற கணக்கில். ஒவ்வொன்றையும் ஏற்றலாம், இறக்கலாம், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நம்பரில் சேமிக்கலாம். மதியம் வெயிலில், கமிட்டிக்காரர்கள் நிழலில் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, நான் மைக்கைத் திறந்து வைத்து வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எங்கே கத்த ஆரம்பிக்கிறது என்று காதால் பிடித்து அந்தப் பட்டையை மட்டும் இறக்கி, மறுபடி ஏற்றி, அடுத்தது எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன சாமி, காதே போயிரும்போல, நிறுத்துங்க" என்று சொன்னவரேதான் சாயங்காலம் இந்த வாசகத்தை எழுதியிருக்கிறார். நான் வேலை செய்தபோது அது இரைச்சல். செய்து முடித்து உட்கார்ந்தபோது சும்மா இருக்கிறேன்.

அப்புறம் மிடி, கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை சொல்லிக்கொள்கிற முறை. பெட்டிகளை அடுக்கிய ராக்குக்குப் பின்னால் வட்டமாக ஐந்து பின் வைத்து ஒரு ஒயர் போகிறதே, வீடியோவில்கூடத் தெரிகிறது. அதில் சத்தம் போகாது, கட்டளை மட்டும் போகும். மிக்சரில் நான் 'வரவேற்புரை' என்று வைத்திருக்கும் சீனைத் தொட்டால் ஈக்வலைசர் தன் மெமரியை மாற்றிக்கொள்ளும். 'கும்மி' என்று தொட்டால் அதற்குரியது வரும். ஜமாப் மேளம் அடிக்கும்போது வேறு. மேடையில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசுகிற பெரியவருக்கும், நடந்துகொண்டே பாடுகிற ஆசிரியருக்கும் ஒரே செட்டிங் போதும் என்றால், நான் எதற்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்? இரும்புக்கடைக்காரனுக்கா?

அந்தக் கட்டளை போய்ச் சேர ஒரு மில்லி நொடிகூட ஆகாது. நீங்கள் பார்ப்பது அந்த ஒரு விரல் தொடுதலைத்தான். மெமரி நம்பரை மிக்சர் பூஜ்யத்திலிருந்து எண்ணும், ஈக்வலைசர் பெட்டி ஒன்றிலிருந்து எண்ணும். நான் ஐந்து என்று அனுப்பினால் அங்கே ஆறாவது எழும். இதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் பார்த்து வைக்க வேண்டும். பாட்டு நடுவில் மாற்றக் கூடாது, சில பெட்டிகள் ஒரு கணம் ஊமையாகித் திரும்பும், ஆகவே கைதட்டல் வரும் வரை காத்திருந்து மாற்ற வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று நீங்கள் நினைக்கிற நேரத்தில் நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று ஒருத்தராவது கேட்டதுண்டா?

ஒரு கல்யாண ரிசப்ஷன் ஞாபகம் வருகிறது. தாராபுரம் பக்கம், நான் அப்போது ஒரு அண்ணனிடம் பையனாக இருந்தேன். மெல்லிசைக் குழுவின் கீபோர்டையும் அண்ணனுடைய ஈக்வலைசரையும் யாரோ ஒரே மிடி ஒயரில் கோத்துவிட்டார்கள். கீபோர்டுக்காரர் புல்லாங்குழல் சத்தத்திலிருந்து வயலினுக்கு மாறும்போதெல்லாம் மண்டபத்து ஸ்பீக்கரின் குரலே மாறியது. ஒரு பாட்டில் பாடகி கிணற்றுக்குள்ளிருந்து பாடினார், அடுத்ததில் பழைய டெலிபோனில் பாடினார். பொண்ணு வீட்டார் முறைக்கிறார்கள். அண்ணன் ஒயரைத் தடவிக்கொண்டே மேடைக்கு அடியில் ஊர்ந்து போனார். மிடியில் 16 சேனல் உண்டு, நம் பெட்டியை ஒரு சேனலில் மட்டும் காது கொடுக்கச் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் கேட்கும்படி விட்டால் யார் சொன்னாலும் தலையாட்டும். கீபோர்டு சத்தம் மாற்றச் சொல்வதும் ஈக்வலைசர் மெமரி மாற்றச் சொல்வதும் ஒரே கட்டளைதான். அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் சேனல் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. இந்த மாதிரி விஷயங்களுக்கு எந்த ரசீதிலும் தனி வரி கிடையாது.

சிலர் கேட்கிறார்கள், "இப்பத்தான் ஆட்டோ ஈக்யூ வந்திருச்சே, செல்போன்லயே அலைவரிசை பாக்கலாமே?" நியாயமான கேள்விதான். தானே அளந்து தானே திருத்திக்கொள்கிற சாமான் அது, நானும் ஸ்பீக்கரை முதலில் சமன் பண்ணுவதற்கு அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அளக்கிற மைக் நிற்கிற ஒரு இடத்தைத்தான் அதற்குத் தெரியும். மதியம் காலி மைதானத்தில் அளந்தது, சாயங்காலம் சனம் நிறைந்தபின் பொய்யாகிவிடும். மனுச உடம்பும் துணியும் மேல் அலைவரிசைகளைக் குடித்துவிடும். இதோடு நம் ஊர்க் காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் காற்று அடித்துத் தள்ளும்போது காங்கேயம், பல்லடம் பக்கமெல்லாம் ஸ்பீக்கர் சத்தமே வளைந்து போகும். ஒரு வீச்சுக்குப் பாட்டு கேட்கும், மறு வீச்சுக்கு வெறும் தாளம்தான் கேட்கும். இதை எந்த ஆட்டோவிடம் சொல்வது? சரி, விடுங்கள்.

"பட்டனைப் பூட்டி வைக்க வேண்டியதுதானே, அது உங்க தப்புதானே?" என்றும் ஒருவர். ஒரம்பரைக்கு வந்தவர் அடுப்படிக்குள் நுழைந்து குழம்பில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, "சட்டியை மூடி வெக்கலையே" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. இதற்கு மேல் இதற்குப் பதில் கிடையாது.

"அந்தக் காலத்தில இதெல்லாம் இருந்துச்சா, ஒரு குழாயைக் கட்டினா ஊருக்கே கேட்டுச்சே" என்கிறவர்களுக்குத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியது எங்கள் பெரியப்பா. நோம்பி, அதாவது கோயில் திருவிழா, சாட்டிவிட்டால் ரேடியோ செட்டு எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்துதான் கிளம்பும். புளியமரத்தில் ஏறி, கிளைக்குக் கிளை குழாயைத் திருப்பிக் கட்டுவார். குழாய் என்பது நடு அலைவரிசைக்குப் பிறந்த சாமான், கீழே பேஸும் கிடையாது, மேலே தெளிவும் கிடையாது, பேச்சும் பாட்டும் நாலு ஊர் தாண்டிப் போகும், அவ்வளவுதான். பாட்டு இசைத்தட்டிலிருந்து வந்தது, ஆகவே மைக்கே இல்லை, ஆகவே கத்தலும் இல்லை. உடுக்கையடிப் பாட்டுக்காரர் அண்ணமார் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் ஒரே மைக், அதையும் பெரியப்பா குழாய்க்குப் பின்பக்கமாகத்தான் வைப்பார். ஏன் என்று கேட்டால், "இக்கட்டால வெச்சாக் கூவும் கண்ணு" என்பார். அதுதான் அவருடைய ஈக்வலைசர். இப்போது நீங்கள் கேட்பது என்ன? நடந்துகொண்டே பாட வேண்டும், மைக் கண்ணில் படக் கூடாது, நெஞ்சில் அடிக்கிற பேஸ் வேண்டும், டிரோன் படம் எடுக்க ஸ்பீக்கர் குறுக்கே நிற்கக் கூடாது. இத்தனையும் கேட்டுவிட்டு வாடகை மட்டும் பெரியப்பா காலத்து வாடகை.

டிரோன் என்றதும் ஞாபகம் வருகிறது. டிரோன்காரரிடம் யாராவது பேரம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? எல்இடி வால் போட்டவரிடம்? பூ அலங்காரத்துக்குக் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு மைக் செட்டுக்கு வரும்போது மட்டும் "நம்ம ஊருக்காரரு, பாத்துப் பண்ணுங்க" என்று தோளில் கை வைப்பார்கள். அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். அதே கைதான் இரவு 10 மணிக்கு மேல், "இன்னும் ரெண்டே ரெண்டு பாட்டு, போலீஸை நாங்க பாத்துக்கறோம்" என்று மறுபடி தோளுக்கு வரும். 2000ஆம் வருசத்து ஒலி மாசு விதிப்படி, தனி அனுமதி இல்லாமல் திறந்தவெளியில் 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஸ்டேஷனுக்கு வண்டியோடு போய் நிற்பது கமிட்டியில்லை, நான்.

பந்தியையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடந்து உறுத்துகிறது. கடைசிப் பந்தி எங்களுக்கு. அதில் தப்பில்லை, வேலை முடிந்தால்தானே சாப்பிட முடியும். ஆனால் அன்றைக்கு என் பையன் கொஞ்சம் முன்னால் போய் உட்கார்ந்ததற்கு, "மைக் செட்டுக்காரங்க அப்புறமா உக்காருங்கப்பா" என்று எழுப்பிவிட்டார்கள். பாதி இலையில். அவன் கோபியிலிருந்து வருகிறான், டிப்ளமோ படித்தவன், மிடி கட்டளையைப் பைட் பைட்டாகப் பிரித்துச் சொல்வான். திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். வீடியோவில் என் பின்னால் குனிந்திருக்கிறானே, அவன்தான். அவனுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சிரிப்புப் பொம்மைகள்.

1983 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு கண்காட்சியில் இரண்டு வேறு வேறு கம்பெனிக் கீபோர்டுகளை இந்த மிடி ஒயரால் இணைத்துக் காட்டினார்கள். கீபோர்டு கம்பெனிக்காரர்களான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியர் இகுதாரோ ககேஹாஷியும் அதற்காகப் பாடுபட்டதற்கு 2013இல் இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தார்கள். ஒரு இடத்தில் பட்டனைத் தட்டினால் இன்னொரு இடத்தில் வேலை நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விருது. நம்மூரில் அதற்கு வாடகை கொடுக்கவே யோசனை.

கும்மி ஆடிய பெண்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மாசக்கணக்கில் சாயங்காலம் சாயங்காலம் பழகி, ஒரே கலர் சேலையில் வந்து நின்றவர்கள், அந்தக் கத்தலில் ஒரு அடிகூடத் தப்பவில்லை. ஆசிரியரும் குரலை விடாமல் பிடித்துக்கொண்டார். நான் வந்து மெமரியை மாற்றிய பிறகு நிகழ்ச்சி முடியும் வரை ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. அந்த வீடியோ மட்டும் யாரிடமும் இல்லை.

"பெரிய மனுசங்களப் பகைச்சுக்காதீங்க மாமா" என்று ஒரு சொந்தக்காரர் போன் செய்தார். பகைக்கவில்லை. பட்டனைத் தட்டியவர் யார் என்று பேரைச் சொல்லவில்லை, எந்தக் கோயில் என்றும் சொல்லவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த மாப்பிள்ளை ஒரு வார்த்தை, "நான்தானுங்க தொட்டேன்" என்று கமெண்டில் எழுதியிருந்தால் இந்தப் பதிவே இல்லை. அவரும் லைக் போட்டிருக்கிறார்.

இன்னொன்று. வாடகையில் அட்வான்ஸ் போக மீதி இன்னும் வரவில்லை. நேற்றுப் பையனை அனுப்பினேன். வீடியோ விவகாரம் ஓயட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீடியோவைப் போட்டது நானாங்க?