துவாலு மூழ்கிவிட்டதா?

‘உலகில் முதலில் கடலில் மூழ்கிய நாடு துவாலு, மக்கள் எல்லாரும் ஆஸ்திரேலியாவில் குடியேறினர்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டு பாதியும் தவறு.

துவாலு இருக்கிறது. பசிபிக்கில் 9 தீவுகள், மொத்தம் 26 சதுர கிலோமீட்டர், சுமார் 10,000 பேர். பாதிக்கு மேல் தலைநகர் ஃபுனாஃபுட்டியில். கட்சிகளே இல்லாத 16 பேர் நாடாளுமன்றம். 2024 ஜனவரியில் தேர்தல் நடந்து ஃபெலேட்டி டேயோ பிரதமரானார். மூழ்கிய நாட்டில் யார் ஓட்டுப் போட்டார்களாம்?

வதந்திக்கு விதை, துவாலுவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்ட ஃபலேபிலி ஒப்பந்தம். 2023இல் கையெழுத்தாகி 2024இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 280 பேர் மட்டும், அதுவும் குலுக்கல் முறையில், ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழலாம். துவாலு குடியுரிமை போகாது, போய்வரத் தடையில்லை. 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தினரையும் சேர்த்து 8,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள் என்பது நிஜம். பதிவு செய்தவர்களையெல்லாம் ‘குடியேறியவர்கள்’ ஆக்கிவிட்டார்கள். பிற நாடுகளுடன் துவாலு பாதுகாப்பு உடன்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தில்தான் உள்ளது. என்னைக் கேட்டால், விவாதிக்க வேண்டியது அதைத்தான்.

நிலப்பரப்பு? 1971 முதல் 2014 வரையிலான வான்வழி, செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வில், அலைகள் மணலையும் பவளத்துகளையும் ஒதுக்கியதால் மொத்த நிலம் சுமார் 2.9 சதவீதம் கூடியிருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு ‘ஆபத்தே இல்லை’ என்று கிளம்புவதும் புரளிதான். கடல்மட்டம் மிக உயரும் பெரும் ஓத நாட்களில் கடல்நீர் தரைக்கடியிலிருந்தே ஊறி வருகிறது. புலக்கா கிழங்கு விளையும் குழிகளில் உப்பேறுகிறது.