எசேக்கியா ஜெபித்தார், மருந்தும் போட்டார்கள்

வேதாகமத்தில் வரும் யூதாவின் ராஜா எசேக்கியா ஜெபத்தால் மட்டுமே சுகமானார், அதனால் விசுவாசிகள் மருந்துக் குளிசை எடுக்கக்கூடாது என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அது சரியில்லை அண்ணா. வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரம், 5 முதல் 7 வரை வாசித்துப் பாருங்கள். கர்த்தர் ராஜாவின் ஜெபத்தைக் கேட்டு அவர் ஆயுளில் 15 வருடம் கூட்டிக்கொடுக்கிறார். அடுத்த வசனத்திலேயே ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடை கொண்டுவரச் சொல்கிறார்; அதை ராஜாவின் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) பற்றுப்போடுகிறார்கள், அவர் பிழைக்கிறார். ஏசாயா 38:21-லும் இதே பற்று வருகிறது. நம் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த டொக்டர் கிறீனும் மிஷனரிதான். தயவுசெய்து யாரும் மருந்தை நிறுத்தாதீர்கள். என் அம்மம்மா பிரஷர் குளிசையை உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் விழுங்குவார்.