விளம்பரம் கொடுத்தால்தான் செய்தி வருமா?

"விளம்பரம் கொடுக்காத சின்ன நிறுவனத்தைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு வரிகூட வராது" என்கிறீர்கள், அது சரியில்லை. விளம்பரம் பிடிப்பது ஒரு பிரிவு, செய்தி எழுதுவது வேறு பிரிவு. காசுக்குப் போடுவதை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்பதுதான் முறை (எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்களா என்பது வேறு கதை). பெரும்பாலும் நாம் அனுப்புவதில் செய்தியே இருக்காது. "தரமான சேவை, குறைந்த விலை" என்று நோட்டீஸ் மாதிரி எழுதி எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே மின்னஞ்சலைத் தட்டிவிட்டால் யார் போடுவார்கள்? அந்தத் துறையை எழுதும் நிருபர் யார் என்று பார்த்து, புதிதாக என்ன நடக்கிறது என்பதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லி, தெளிவான படத்தோடு அனுப்புங்கள். அப்புறம் நேரம்: நாளிதழுக்குச் சில நாள் முன்னால் போதும், ஆனால் மாத இதழ்கள் சிறப்பிதழை இரண்டு மூன்று மாதம் முன்பே திட்டமிட்டு விடுவதால் கடைசி வாரத்தில் போய் நின்றால் இடமே இருக்காது.